நீரிழிவு மாத்திரைகள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்கின்றனவா? ஆய்வுகள் கூறுவது என்ன?

நீரிழிவு நோயாளிகளைக் குறிவைத்து விற்கப்படும் சத்து மாத்திரை முதல் மரக் குவளை வரை பலவற்றிலும் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. அவற்றை நம்பி, மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்துவோரும் உள்ளனர். இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவும், 13.6 கோடி பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

உயிரணுக்களில் சர்க்கரை எரிந்து ஆற்றலாக மாறும்போது, ஆக்சிஜனின் ஒரு சிறு பங்கு நிலையற்ற மூலக்கூறுகளாக மாறுகிறது. இயல்பான உடல் இவற்றைத் தானே அகற்றிவிடும். ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது மைட்டோகாண்ட்ரியாவில் இவற்றின் உற்பத்தி அகற்றும் திறனை மிஞ்சிவிடுகிறது. இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம். விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்புகளுக்கு இதுவே பொதுவான வேர் என்று அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001-இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்.

அதிகம் பயன்படுத்தப்படும் மெட்ஃபார்மின், மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் சங்கிலியில் முதல் கண்ணியை மிதமாகத் தடுக்கிறது. இதன் வழியாக அந்த மூலக்கூறுகளின் உற்பத்தி குறைவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. கிளிக்ளசைடு மாத்திரையின் வேதி அமைப்பிலுள்ள ஒரு வளையம் அவற்றை நேரடியாகப் பிடித்து முடக்கக்கூடியது. இம்மருந்தை அடிப்படையாகக் கொண்ட தீவிரச் சிகிச்சை, 11,140 பேரிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ‘அட்வான்ஸ்’ ஆய்வில் சிறுநீரகப் பாதிப்பை 21 சதவீதம் குறைத்தது. எனினும் அந்தப் பலன் சர்க்கரை குறைந்ததால் விளைந்ததா, மருந்தின் தனிப்பண்பால் விளைந்ததா எனப் பிரித்தறியும் வகையில் அந்த ஆய்வு அமைக்கப்படவில்லை.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது மட்டுமே போதும் என்ற எண்ணம் இருமுறை சோதனைக்கு உள்ளாகித் தோற்றது. 2000-இல் வெளியான ‘ஹோப்’ ஆய்வில் 9,541 பேர் பங்கேற்றனர்; அவர்களில் 3,500-க்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள். சராசரியாக நாலரை ஆண்டுகள் நாள்தோறும் வைட்டமின் ஈ உட்கொண்டும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. மற்றொன்று டிராக்ளிடசோன். வைட்டமின் ஈ-யின் மூலக்கூறுப் பகுதியையே தன்னுள் கொண்டு உருவாக்கப்பட்ட நீரிழிவு மாத்திரை அது. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான மருந்து இருந்திருக்க முடியாது. 1997-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அம்மருந்து, கல்லீரல் செயலிழப்பும் மரணங்களும் பதிவானதையடுத்து 2000 மார்ச் மாதம் திரும்பப் பெறப்பட்டது.

மூலிகைகளின் நிலையும் இதே கவனத்தைக் கோருகிறது. கார்வேட்டிநகரம், புத்தூர், திருப்பதி வட்டார மக்களுக்கு நன்கு அறிமுகமான சேஷாசலம் மலைக்காடுகளில் செம்மரமும் வேங்கையும் வளர்கின்றன. செம்மரப் பட்டைச் சாறு நீரிழிவு உண்டாக்கப்பட்ட விலங்குகளில் ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக 2001-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஆனால் அது விலங்குகளோடு நின்றது.

வேங்கைக்கு மனிதர்களிடம் நடந்த சோதனையே உண்டு. புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 97 பேரில் 67 பேருக்கு 12 வாரங்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. அவர்களுக்கு அளவிட்ட மருந்து தரப்பட்டது. ரத்தப் பரிசோதனையும் தொடர்ந்தது. கடையில் வாங்கும் வேங்கைக் குவளையில் இரவு ஊறிய நீரில் எவ்வளவு சாறு இறங்கும் என்பது மரத்துக்கு மரம், நாளுக்கு நாள் மாறும். மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் குடிப்பவருக்குச் சர்க்கரை ஏறினால், முதல் சில மாதங்களில் வெளியே தெரியும் அறிகுறி எதுவும் இல்லாமல் போகலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.