கருவின் அறநிலை: யாழ்ப்பாணத் தீவகம்

தாயின் வயிற்றிலோ ஆய்வுகூடக் கிண்ணத்திலோ உருவாகும் மனிதக் கருவை எந்தக் கட்டத்திலிருந்து ஓர் ஆளாகக் கொள்வது என்ற கேள்வியே கருவின் அறநிலை. யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய இடங்களில் சைவரும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி நாகதீபப் பௌத்த விகாரை இருக்கிறது. கருவை அழிப்பது பாவம் என்பதில் மூன்று சமயத்தாருக்கும் பெரிய கருத்து வேறுபாடில்லை. எப்போதிருந்து எண்ணுவது என்பதில்தான் வேறுபாடு.

தமிழில் இந்தக் கேள்வி பழையது. புறநானூற்று 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கருச்சிதைவைக் கொடும் பாவங்களோடு சேர்த்துச் சொல்கிறார். ஆனால் அதற்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவருக்குத்தான் உய்வில்லை என்கிறார். சேரமான் கணைக்கால் இரும்பொறையின் 74ஆம் பாட்டு இன்னும் நேரடியானது. செத்துப் பிறந்த குழந்தையையும், உருவம் கூடாத தசைப் பிண்டத்தையும்கூட ஆளல்ல என்று ஒதுக்காமல், வீரச்சாவு வாய்த்ததாக வாளால் கீறிப் புதைத்த மறக்குடி வழக்கத்தை அது சொல்கிறது. அந்தக் குடியின் கணக்கில் உருவம் ஒரு நிபந்தனையே அல்ல.

சைவ நூல்கள் ஒரே விடை தருவதில்லை. திருமந்திரத்தின் ‘கர்ப்பக் கிரியை’ப் பகுதி கரு உருவாவதையே இறைவன் செயலாகப் பார்க்கிறது. திருவாசகத்தின் போற்றித் திருவகவல் முதல் மாதத்திலிருந்து மாதத்துக்கொரு கண்டத்தைத் தாண்டிவரும் உயிரைக் காட்டுகிறது. கர்ப்ப உபநிடதமோ சீவன் சேர்வது ஏழாம் மாதத்தில் என்கிறது. கருத்தரிக்கும்போதே ஆன்மா வந்துவிடுகிறது என்பது சரக சம்கிதை. கரு கலைந்தால் எத்தனை மாதமோ அத்தனை நாள் தீட்டு என்று மனுநூல் விதிக்கிறது. கரு வளர வளர அதன் மதிப்பும் ஏறுகிறது என்ற எண்ணம் இந்தக் கணக்கில் தெரிகிறது. சாதாரணச் சைவக் குடும்பத்துக்கு நூல் வாதம் தேவைப்படுவதில்லை. பிள்ளை வரம் கேட்டு அம்மனுக்கு நேர்த்தி வைப்பார்கள். பிறந்தபின் குழந்தையைப் படகில் கொண்டுபோய்ச் சந்நிதியில் காட்டுவார்கள்.

பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநயத்தில் மனித உயிர் தாய் வயிற்றில் முதல் சித்தம் தோன்றுவதோடு தொடங்குகிறது. கருவைக் கலைக்கச் செய்த பிக்கு துறவு நிலையை இழக்கிறார். முழுத் துறவேற்பான உபசம்பதைக்கு வேண்டிய இருபது வயதும் கருவிலிருந்தே எண்ணப்படும். கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை காலத்தோடு இறுகியது. ஆன்மா பின்னரே வருகிறது என்று இறையியலாளர் தோமா அக்குவினாசு எழுதினார். உயிர் புகுந்த கரு, புகாத கரு என்ற தண்டனை வேறுபாட்டை 1869இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் நீக்கினார். 1987இல் வத்திக்கான் வெளியிட்ட ‘டோனும் வித்தே’ ஆவணம் கருத்தரித்த கணத்திலிருந்தே மனித ஆளுக்குரிய மதிப்பைக் கோருகிறது, சோதனைக்குழாய்க் கருத்தரிப்பையும் ஏற்பதில்லை.

இலங்கைச் சட்டத்தில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவே இன்றும் அடிப்படை. தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றிக் கருவைக் கலைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கியிருந்தால் ஏழு ஆண்டு வரை. தாயே செய்துகொண்டாலும் குற்றம்தான். வன்புணர்வு, முறைதகாப் பாலுறவு, கருவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்களிக்க 1995இல் வந்த திருத்தம் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2017இல் அமைச்சரவை இணங்கிய முன்மொழிவையும் கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அதுவும் சட்டமாகவில்லை.

‘தாயின் உயிருக்கு ஆபத்து’ என்பது தீவகத்தில் வேறு பொருள்படும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழி. கடல் கொந்தளித்தால் கடற்படைப் படகை நம்ப வேண்டும். பட்டினத்தில் ஒரு மணி நேரத்தில் தணிக்கக்கூடிய இரத்தப்போக்கு இங்கே உயிரைக் குடிக்கும். கருவின் மதிப்பைப் பேசும் சட்டவாதங்களில் இந்தத் தூரம் கணக்கில் வருவதே இல்லை.

உரிமையியலில் கணக்கு மாறுகிறது. தீவகத் தமிழரின் சொத்துக்கு 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் பொருந்தும். அது பேசாத இடத்தை உரோம-டச்சுச் சட்டம் நிரப்புகிறது. தகப்பன் இறக்கும்போது வயிற்றிலிருக்கும் பிள்ளை, பின்னர் உயிரோடு பிறந்தால், முன்பே பிறந்ததாகக் கருதப்பட்டு முதுசத்தில், அதாவது பரம்பரைச் சொத்தில், பங்கு பெறும். செத்துப் பிறந்தால் பங்கில்லை. பதிவேட்டிலும் 28 வாரம் கடந்திருந்தால்தான் அதற்கு இடம். கர்ப்பிணிக்குத் திரிபோஷா சத்துமாப் பொதி கொடுக்கும் கிளினிக் மட்டும் இந்த வரம்புகளுக்குக் காத்திருப்பதில்லை.

உறைய வைத்த கருக்களே இன்றைய சிக்கல். அவற்றை எத்தனை ஆண்டு வைக்கலாம், தம்பதியர் பிரிந்தால் யாருக்கு என்பதற்கு இலங்கையில் தனிச்சட்டம் இல்லை. 1990இல் பிரித்தானியா ஆய்வுக்கூடக் கருவுக்கு 14 நாள் வரம்பு வைத்தது. உடலின் அச்சைக் குறிக்கும் முதல் கீறல் தோன்றும் காலம் அது. அதற்கு முன் ஒரு கரு இரட்டையாகப் பிரியவும் கூடும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் சேமிப்புக்குப் பத்தாண்டு எல்லை வகுத்திருக்கிறது. ஆகவே சென்னைக்குப் போய்ச் சிகிச்சை பெறும் தீவகத் தம்பதியின் கருவுக்கு அங்கே சட்டக் காலவரம்பு உண்டு. கொழும்பில் அது மருத்துவமனையோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.