செக்கடியில் ஒரு மொழிபெயர்ப்பு

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மொட்டை மாடியில் காயப்போட்டேன். பாதிக்கு மேல் கூழ். ஒட்டிய தாள்களைப் பிரிக்கும்போது வ.உ.சி.யின் ‘மனம்போல வாழ்வு’ கையில் வந்தது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903-இல் எழுதிய சிறு நூலை, வ.உ.சி. சிறையில் இருந்த காலத்தில் தமிழாக்கியது. அட்டை போய்விட்டது, எழுத்து தப்பியிருந்தது.

வேலையில் இருந்த காலத்தில் இதைப் புரட்டிவிட்டு, ‘வெள்ளைக்காரன் உள்ளே தள்ளிய மனுஷன் வெள்ளைக்காரன் உபதேசத்தையா மொழிபெயர்ப்பார்?’ என்று மூடி வைத்தவன் நான். ஈரம் காயாத வீட்டில் உட்கார்ந்து படித்தபோது வேறு மாதிரி இருந்தது.

ரோமாபுரியில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டீட்டஸ், ஸ்டோயிக் ஞானிகளில் ஒருவர். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று முதலில் பிரித்துக்கொள் என்பது அவர் பாடம். உடம்பும் சொத்தும் பதவியும் நம் கையில் இல்லை. அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணம் மட்டுமே நம்முடையது. ஆலன் ஸ்டோயிக் அல்ல. ஆனாலும் எண்ணமே வாழ்வை ஆக்குகிறது என்று அவர் சொல்வது பக்கத்து வயல்தான்.

வ.உ.சி. கையைவிட்டுப் போனவை கொஞ்சமா? 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி போனது. 1908 மார்ச் 12-இல் கைது. ஜூலை 7-இல் இதே திருநெல்வேலியில் பின்ஹே துரை இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். கோயம்புத்தூர் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுக்க வைத்தார்கள். அந்தச் சிறைவாசத்தில்தான் இந்த மொழிபெயர்ப்பு. ‘மெய்யறம்’ என்ற அறநூலும்.

எல்லாம் மனசுதான் என்றிருப்பது பணிந்துபோவது ஆகாதா? எனக்கு அந்தச் சந்தேகம் நெடுநாள் இருந்தது. ஆனால் அவர் மேல்முறையீடு செய்து தண்டனையைக் குறைக்க வைத்தவர். செய்யக்கூடியதை விடவில்லை.

1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை; வக்கீல் சன்னதும் இல்லை. பிற்பாடு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆயுள் தண்டனை கொடுத்ததும் வெள்ளைக்கார நீதிபதிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். நானாக இருந்தால் அந்தப் பெயர் வாயில் வந்திருக்காது.

செனகா தினமும் இரவில் அன்றைய நாளைத் தனக்குத்தானே விசாரித்துக்கொள்வாராம். நான் சாயங்காலம் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து செய்கிறேன். முதலில் வருவது இன்னும் அந்தப் புத்தகங்களின் நினைப்புதான். ஆறு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.