ஏரிச் சங்கிலியும் மென்பொருள் சங்கிலியும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஏரி, கோயில், ரயில் நிலையம் என்று நம் ஊர் வரலாறு எழுதிக்கொண்டிருந்த டீச்சர் திடீரென்று கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டாரே என்று சிலர் நினைக்கலாம். இதுவும் நம் பக்கத்து வரலாறுதான். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று மெப்ஸிலும் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் மென்பொருள் வேலை பார்க்கிறீர்கள். உங்களில் சிலரைத் தொந்தரவு செய்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, பிறகு நானும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று உங்கள் அம்மா அப்பாவுக்கும் கொஞ்சம் புரியட்டும்.

முதலில் ஏரி. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். செம்பாக்கம் நிரம்பினால் நன்மங்கலம். அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். நாராயணபுரத்தில் இருப்பவர் சிட்லபாக்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே வேண்டாம். ஆனால் சிட்லபாக்கத்தில் ஒருவர் கால்வாயை அடைத்து வீடு கட்டினால் அதன் பலன் நாராயணபுரம் வரைக்கும் போகும். கணக்குப் பாடத்தில் இதற்குக் 'கடப்பு' உறவு என்று பெயர். முதலாவதற்கு இரண்டாவதோடு ஓர் உறவு, இரண்டாவதற்கு மூன்றாவதோடு அதே உறவு என்றால், முதலாவதற்கும் மூன்றாவதோடு அந்த உறவு உண்டு. பதினோராம் வகுப்பில் படித்தது மறந்திருக்காது.

மென்பொருளும் இப்படித்தான். எவரும் ஒரு மென்பொருளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே எழுதுவதில்லை. மிக்ஸி கம்பெனிக்காரர் மோட்டாரை வெளியில் வாங்குவதுபோல, தேதி கணக்கிட ஒன்று, கோப்பைச் சுருக்க ஒன்று என்று பிறர் எழுதி வைத்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதைச் சார்பு, அதாவது டிபென்டென்சி, என்கிறார்கள். நாம் எடுத்த பொருளும் தன் பங்குக்கு வேறு நான்கை எடுத்திருக்கும். அந்த நான்கும் வேறு சிலவற்றை. சார்பின் சார்பு. உங்கள் அலுவலகத்தில் டிரான்சிடிவ் டிபென்டென்சி என்று சொல்வது இதைத்தான்.

இதன் கதை 1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. ஸ்டீவ் ஜான்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு நிரலில் பிழை தேடியிருக்கிறார். கடைசியில் பார்த்தால் பிழையை ஏற்கெனவே சரிசெய்தாகிவிட்டது. திருத்திய கோப்பை மறுபடி தொகுத்துச் சேர்க்காமல் விட்டதுதான் காரணம். அவர் புலம்பிக்கொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்ற நண்பரின் அறைக்குப் போனார். ஃபெல்ட்மனும் அதே மாதிரி அவதிப்பட்டிருந்தார். அவர் எழுதியதுதான் 'மேக்' என்ற கருவி. எது எதைச் சார்ந்தது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், ஒன்று மாறியதும் அதைச் சார்ந்தவற்றை மட்டும் அது மறுபடி கட்டும். அந்தக் கோப்பில் கட்டளை வரிகள் 'டேப்' விசையில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு விசித்திர விதி உண்டு. அது சரியில்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்காக விட்ட விதியில் ஏறத்தாழ ஐம்பது வருடமாக உலகமே இடறிக்கொண்டிருக்கிறது!

மேக் கருவியில் சங்கிலியை மனிதர்தான் தன் கையால் எழுத வேண்டும். அடுத்தவர் எழுதிய மென்பொருளைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும் வேலையெல்லாம் அதற்குத் தெரியாது.

அந்த வேலை லினக்ஸோடு வந்தது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அறிவித்தார். தன் தோழி டெப்ரா பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். மென்பொருளைப் பேக்கேஜ் பேக்கேஜாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் 'எனக்கு இன்னின்ன வேண்டும்' என்று சீட்டு ஒட்டிவிடும் முறை அதில் உருவானது. 1999-ல் வந்த பதிப்பில் 'ஆப்ட்' என்ற கருவியும் சேர்ந்தது. ஒரு பேக்கேஜைக் கேட்டால் போதும், அது கேட்பதையும், அது கேட்பது கேட்பதையும் இணையத்திலிருந்து தானே கொண்டுவந்து அடுக்கிவிடும்.

இனி நம் ஊர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை அப்துல் கலாம் படித்த கல்லூரி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அதே வளாகத்தில் ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2005-ல் மத்திய அரசு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை ஏற்படுத்தியபோது, அந்தப் பொறுப்பை இந்த மையத்துக்கும் சென்னை சி-டாக் நிறுவனத்துக்கும் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் சி-டாக் உருவாக்கியதுதான் 'பாஸ்' லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். 2007 ஜனவரியில் முதல் பதிப்பு வெளிவந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யலாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு இந்த பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். உங்களில் பலர் அதை வாங்கி, பாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் விண்டோஸில் சினிமா பார்த்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பாஸ் எதன்மேல் கட்டப்பட்டது? டெபியன்மேல். டெபியன்? உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்களின் பேக்கேஜ்கள்மேல். சிட்லபாக்கத்திலிருந்து நாராயணபுரம் வரை போவது மாதிரி, முகம் தெரியாத ஒருவர் ஏதோ ஒரு நாட்டில் எழுதிய நிரல் செங்கல்பட்டு மாவட்டத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் மடியில் வந்து உட்கார்ந்தது.

அந்தக் காலத்தில் லினக்ஸ் கற்றுக்கொண்ட ஒரு மாணவன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவனே படித்துச் சிரிப்பான். அவன் அப்பா ஒரு பழைய கணினி வாங்கிக் கொடுத்திருந்தார். வீட்டில் இணையம் கிடையாது. ஏதோ ஒரு படம் வரையும் மென்பொருள் வேண்டுமென்று மேற்குத் தாம்பரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வருவான். நிறுவினால், இன்னொன்று வேண்டும் என்று திரையில் வரும். அந்தப் பெயரைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு சைக்கிளில் திரும்பப் போவான். அதை எடுத்து வந்தால் அது வேறு இரண்டைக் கேட்கும். "ஒண்ணு கேட்டா ஒம்பது கேக்குது டீச்சர்" என்றான். நோட்டைக் காட்டினான். பெயர்களுக்கு நடுவே அம்புக்குறி போட்டு, குடும்ப மரம் மாதிரி வரைந்து வைத்திருந்தான். ஆப்ட் கருவி அப்போதே இருந்தது. இணையம்தான் அவன் தெருவுக்கு வரவில்லை. இந்தச் சிக்கலுக்கு உலகம் வைத்த பெயர் டிபென்டென்சி ஹெல், சார்பு நரகம். ஆனால் எனக்கு அந்த நோட்டுப் பக்கம் மிகவும் பிடித்திருந்தது. தன் கணினியில் என்னென்ன இருக்கிறது, எது எதற்காக வந்தது என்று அவனுக்கு ஒவ்வொரு பெயராகத் தெரியும். இன்றைக்குப் பெரிய நிறுவனங்களில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

ஏன் குறைந்தார்கள் என்பதுதான் அடுத்த கட்டம். ஜாவா மொழிக்காரர்களுக்கு 'மேவன்' என்ற கருவி உண்டு. 2005 அக்டோபரில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதுவரை வேண்டிய பேக்கேஜ்களையெல்லாம் நாமே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டாம் பதிப்பில், நேரடியாக வேண்டியதை மட்டும் எழுதினால் மீதியை அதுவே கண்டுபிடித்து எடுத்து வந்தது. பெரிய வசதி. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. இரண்டு ஆசிரியர்கள் ஒரே அகராதியிலிருந்து வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பழைய பதிப்பின் பக்க எண் சொல்கிறார், மற்றவர் புதிய பதிப்பின் பக்க எண். பிள்ளையின் பையில் ஓர் அகராதிக்குத்தான் இடம். எதை வாங்குவது? மேவன் இதற்கு, சங்கிலியில் நமக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பதிப்பு என்று ஒரு விதி வைத்தது. சண்டை ஓயும், ஆனால் அது சரியான பதிப்பாகத்தான் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. உங்களில் பலர் ராத்திரி பதினோரு மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கேள்விப்பட்டேன்.

வசதி கூடக்கூட, சங்கிலி கண்ணில் படுவது நின்றுபோனது. 2015 டிசம்பர் முதல் தேதி நினைவிருக்கிறதா? முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடிவரை தண்ணீர் வந்தபிறகுதான் பலருக்கு மேலே ஆதனூர் என்று ஓர் ஏரி இருப்பதும், அடையாறு அந்தப் பக்கமிருந்து வருவதும் தெரிந்தது. மென்பொருள் உலகத்துக்கு அந்த நாள் நான்கு மாதம்கூட ஆகாமல் வந்தது.

2016 மார்ச் 22. அசர் கோச்சுலு என்ற நிரலாளர் 'என்பிஎம்' என்ற பொதுக் கிடங்கில் 'கிக்' என்று ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார். அதே பெயருள்ள ஒரு நிறுவனம் அந்தப் பெயரைக் கேட்டது. அவர் மறுத்தார். கிடங்கை நடத்தியவர்கள் நிறுவனத்தின் பக்கம் நின்றார்கள். கோபத்தில் அவர் தன்னுடைய 273 பேக்கேஜ்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. மொத்தம் 11 வரி. 7 என்று கொடுத்தால் இடப்பக்கம் பூஜ்யம் சேர்த்து 007 ஆக்கும், வருகைப் பதிவேட்டில் நாம் எண் போடுகிற மாதிரி. அவ்வளவுதான். அது இல்லாமல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மென்பொருள் திட்டங்கள் கட்ட முடியாமல் நின்றன. அவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர்கள் கேட்டது கேட்டது கேட்ட பொருள் அது. சுமார் இரண்டு மணி நேரத்தில் கிடங்குக்காரர்களே அதைத் திரும்ப வைத்தார்கள். பிறகு, பிறர் சார்ந்திருப்பதை ஆசிரியரே நினைத்தாலும் சட்டென்று எடுக்க முடியாதபடி விதியை மாற்றினார்கள்.

அதுவாவது பொருள் காணாமல் போன கதை. 2021 டிசம்பரில் வந்தது பொருளுக்குள்ளேயே இருந்த ஓட்டை. 'லாக்ஃபோர்ஜே' என்பது ஜாவா மென்பொருள்கள் குறிப்பேடு எழுதப் பயன்படுத்துவது. வாசலில் பார்வையாளர் நோட்டில் ஒருவர் தன் பெயருக்குப் பதில் 'பீரோவைத் திற' என்று எழுதிவிட்டுப் போக, காவலாளி அதைப் படித்துவிட்டு நிஜமாகவே போய்த் திறந்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஓட்டை. டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை, உலகத்துக்குத் தெரிந்தது. என் மாணவி ஒருத்தி அந்தச் சனி ஞாயிறு வீட்டுக்கே வரவில்லை. "நம்மிடம் இது இருக்கிறதா" என்ற கேள்விக்கு அவள் குழு முதலில் இல்லை என்றுதான் பதில் சொன்னதாம், ஏனென்றால் அவர்கள் எழுதிய பட்டியலில் அது இல்லை. கருவியிடம் முழு மரத்தையும் விரித்துக் காட்டச் சொன்னபிறகு, அடியில் நான்கு இடத்தில் இருந்தது. அவள் மட்டுமில்லை. கூகுள் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது மேவன் பொதுக் கிடங்கில் 35,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களில் பாதிப்பு. அது மொத்தத்தில் 8 சதவீதத்துக்கு மேல். அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஓட்டை நேரடிச் சார்பில் இல்லை, இன்னும் கீழே. பெரும்பாலும் ஐந்து படி கீழே.

இதற்குப் பிறகுதான் 'பட்டியல் எழுது' என்ற பேச்சு எல்லா இடத்திலும் கேட்க ஆரம்பித்தது. எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் கோப்பு முன்பே உண்டு. இப்போது மென்பொருளை விற்கும்போதே உள்ளே இருப்பதையெல்லாம், சார்பின் சார்பு வரை, எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் போடுகிறார்களே, அந்த மாதிரி. நம் நாட்டின் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. என் மாணவனின் கணக்கு நோட்டுப் பின்பக்கம்தான் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

பட்டியல் அவசியம்தான். ஆனால் பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். கடைசியாக ஒன்று சொல்கிறேன், அது இதைத் தெளிவாக்கும்.

'எக்ஸ்இசட்' என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள். பின்லாந்துக்காரர் லாசே காலின் பல வருடம் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-ல், மனநலம் சரியில்லை, இது ஊதியமில்லாத வேலை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் முன்பின் தெரியாத சில பெயர்கள், வேலை தாமதமாகிறது, வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்று அவரை நச்சரித்தன. 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பணிவாக உதவி செய்துகொண்டே இருந்தார். பொறுப்பில் பங்கு கிடைத்தது. 2024-ல் அந்தப் பெயரில் வந்த பதிப்புகளில் ஒரு ரகசியப் பின்கதவு இருந்தது. சர்வர்களுக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் மென்பொருளைத்தான் அது குறிவைத்தது. அந்த மென்பொருள் எக்ஸ்இசட்டை நேரடியாகப் பயன்படுத்துவதே இல்லை! டெபியன் போன்ற தொகுப்புகள் அதனோடு வேறொன்றை இணைத்திருந்தன, அந்த வேறொன்று எக்ஸ்இசட்டைச் சார்ந்திருந்தது. கடப்பு உறவு வழியாகத் திருடன் வந்தான்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவித் துருவிக் கண்டுபிடித்தார். 2024 மார்ச் 29, பெரிய வெள்ளியன்று அறிவித்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது வந்துவிட்டிருந்தது, நிலைப்பதிப்புக்கு வரவில்லை. வந்திருந்தால் டெபியனை அடியாக வைத்துக் கட்டிய தொகுப்புகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நம் பக்கத்து ஏரிகளில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பது அவர் வேலை. அறுவடையில் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் அவருக்கு நெல் அளக்க வேண்டும். மதகுக்குப் பக்கத்து வயல்காரர் மட்டுமல்ல, கடைமடைக்காரரும் அளப்பார். காலினுக்கு யார் அளந்தார்கள் என்று மென்பொருள் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளைக் கேட்டேன். இதுவரை பதில் வரவில்லை.

அறிவிப்பு வந்தபோது காலின் விடுமுறையில் இருந்தார். திரும்பி வந்து, ஜியா டான் பெயரில் சேர்ந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பின்கதவை நீக்கிய 5.6.2 பதிப்பை 2024 மே 29 அன்று வெளியிட்டார்.