பணிந்து நின்ற தலைமை

வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தை அடுத்து அடக்கமுடைமையை வைத்தார். நீதி பேசுவோரிடம் செருக்குக் குடிபுகுவது எளிது. அதனால், நீதியைச் சொன்ன கையோடு அடக்கத்தையும் சொல்வது தேவையென்று கருதினார் போலும். குறளில் அடக்கமுடைமை பதின்மூன்றாம் அதிகாரம். யோவான் எழுதிய நற்செய்தியிலும் பதின்மூன்றாம் அதிகாரமே இயேசு பெருமான் தம் சீடர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சியைக் கூறுகிறது. இது தற்செயலான ஒற்றுமைதான். எனினும், தமிழ் நெஞ்சுக்கும் கிறித்தவ நெஞ்சுக்கும் தலைமையின் அளவுகோல் ஒன்றே என்பதை நினைவூட்டப் பயன்படும் ஒற்றுமை.

அந்த அளவுகோலைக் கையிற்கொண்டு கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் நோக்கினால், இருவர் கண்முன் நிற்கின்றனர். ஒருவர் பேராயர் டொமினிக் வெண்டார்கன். மற்றவர் அவருக்குப் பின்வந்த பேராயர் அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ். முன்னவர் இலங்கையிற் பிறந்தவர். பின்னவர் கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணியிற் பிறந்த இந்திய வம்சாவழியினர். இவ்விருவரின் தலைமையும் 1955 முதல் 2003 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு தொடர்ந்தது.

மந்தை உருவான கதை

ஆயனைப் பற்றிப் பேசுமுன் மந்தையை அறிதல் வேண்டும். 1883-ஆம் ஆண்டு, பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த லெத்தேசியே அடிகளார் கோலாலம்பூருக்கு வந்து புக்கிட் நானாஸ் குன்றில் ஒரு சிற்றாலயத்தை எழுப்பினார். ஈயச் சுரங்கங்களால் அப்போதுதான் நகரமாகிக்கொண்டிருந்த ஊர் அது. மூன்றாண்டுகள் கழித்து, 1886-இல், கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. இருப்புப்பாதை போட்ட கைகளிலும், பின்னர் இரப்பர்க் காட்டில் பால் வெட்டிய கைகளிலும் பெரும்பாலானவை தமிழ்க் கைகள்.

அவர்களுள் இந்துக்கள் மிகப்பலர், கிறித்தவர்கள் சிலர். தஞ்சை, திருச்சி, நெல்லைச் சீமைகளிலிருந்து வந்தோர் தத்தம் சபையையும் உடன்கொணர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸில் லுத்தரன் சபையினரின் சீயோன் ஆலயம் 1924-இல் எழுந்தது. கிள்ளானில் லூர்து அன்னை ஆலயம் 1928-இல் எழுந்தது. கந்தசுவாமி கோயிலும், விவேகானந்தா ஆசிரமமும், பௌத்த மகா விகாரையும் சீயோன் ஆலயத்துக்கு அண்டை வீட்டாராய் நிற்கும் பிரிக்பீல்ட்ஸில், பிற சமயத்தாரை மதித்து வாழ்வது நூலிற் கற்ற பாடமன்று. தெருவிற் கற்ற பாடம்.

ஆனால், தலைமை மட்டும் நெடுங்காலம் ஐரோப்பியரிடமே இருந்தது. 1955-இல் மலாக்கா-சிங்கப்பூர் உயர்மறைமாவட்டத்தினின்று பிரிந்து கோலாலம்பூர் தனி மறைமாவட்டமானது. அதன் முதல் ஆயராக வெண்டார்கன் திருநிலைப்படுத்தப்பட்டார். நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, தலைநகரின் கத்தோலிக்கத் திருச்சபை ஓர் ஆசியரின் கையில் ஒப்படைக்கப்பட்டது. 1972-இல் கோலாலம்பூர் உயர்மறைமாவட்டமாக, அவர் அதன் முதற் பேராயரானார்.

குருக்கள் இல்லாத ஒரு மாதம்

வெண்டார்கன் காலத்தில் திருச்சபையை எதிர்நோக்கிய சிக்கல் சிறிதன்று. 1962 முதல் 1965 வரை உரோமையில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை என்பது குருக்கள் மட்டுமல்லர், மக்கள் அனைவருமே என்று உணர்த்தியது. தாய்மொழியில் வழிபாடு நடத்தவும் வழிவகுத்தது. மறுபுறம், அயல்நாட்டுக் குருக்கள் நாட்டில் தங்குவதற்கு அரசு கால வரம்பு விதித்தது. பிரெஞ்சுக் குருக்களையே நம்பி வாழ்ந்த பங்குகள், நாளை யார் வருவார் என்று கலங்கின.

இதற்கு விடைகாண, 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு புதுமை நிகழ்ந்தது. தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒருமாத காலம் பினாங்கில் ஒன்றுகூடினர். பங்குகளில் குருக்கள் இல்லை. வழக்கமான திருப்பலி இல்லை. ஆலயங்களைத் திறந்தவர்களும், செபம் நடத்தியவர்களும், திருமறை வாசகங்களை வாசித்து விளக்கியவர்களும், நோயாளிகளைச் சந்தித்தவர்களும் பொதுநிலை மக்களே.

ஒரு தந்தை, பிள்ளைக்கு நடக்கக் கற்பிக்கையில் பிடித்த கையை ஒருகணம் விட்டுவிடுவார். அந்த ஒருகணம் பிள்ளைக்கு மட்டுமன்று, தந்தைக்கும் சோதனையே. பிள்ளை விழுந்துவிடுமோ என்னும் அச்சம் ஒருபுறம். நாமில்லாமலேயே நடந்துவிடுமோ என்னும் அச்சம் மறுபுறம். இரண்டாவது அச்சத்தை வென்றவரே உண்மைத் தலைவர். தாம் இன்றியமையாதவர் என்று மக்கள் எண்ணவேண்டுமென விரும்பும் தலைவர்கள் மலிந்த உலகில், தாமின்றியும் மக்கள் நடக்கட்டும் என்று ஒரு மாதம் ஒதுங்கி நின்ற அத்தலைமை, பணிவின் அரிய வடிவம் எனலாம்.

மருத்துவமனையிலிருந்து மறைப்பணிக்கு

சோட்டர் பெர்னாண்டஸ் 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பிறந்தார். சப்பானியர் ஆட்சி மலாயாவைக் கவ்வியபோது அவருக்கு வயது ஒன்பது. அத்தலைமுறையின் சிறுவர் பலருக்கும் பள்ளிப்பருவத்தின் நடுவே பசியும் அச்சமும் வந்து குறுக்கிட்டன. வளர்ந்தபின் மருத்துவமனைப் பணியில் இருந்து, அதன்பின்னரே அவர் குருமடம் புகுந்தார். 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 34. நோயாளியின் படுக்கையருகே நின்றவனுக்கு, மனிதர் எல்லாரும் வலியில் ஒரே மொழியே பேசுகின்றனர் என்பதை எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

1977-இல் பினாங்கின் ஆயராகவும், 1983-இல் வெண்டார்கன் ஓய்வுபெற்றபின் கோலாலம்பூரின் பேராயராகவும் அவர் நியமனம் பெற்றார். தம் பணிக்கு அவர் தேர்ந்துகொண்ட விருதுவாக்கு, நீதியும் அமைதியும் என்பதாகும்.

அக்காலக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நீதி என்பது வெறுஞ்சொல்லன்று. எபிங்காம் தோட்டம் 1950-ஆம் ஆண்டுகளில் பெட்டாலிங் ஜெயா நகராயிற்று. சீபீல்டு தோட்டம் 1970-ஆம் ஆண்டுகளில் சுபாங் ஜெயாவாக மாறத் தொடங்கியது. ஷா ஆலாம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. இரப்பர் மரம் சாய்ந்த இடத்தில் மாளிகைகள் எழுந்தன. ஆனால், அம்மரங்களை வளர்த்த பாட்டாளிக்கு, வேலை போகும்போது லயத்து வீடும் உடன்போயிற்று. புறம்போக்குக் குடிசைகளிலும் நெருக்கமான அடுக்குமாடிகளிலும் ஒதுங்கிய குடும்பங்கள் பல. தோட்டத்தில் இருந்த கோயிலும் தேவாலயமும் தமிழ்ப்பள்ளியும் அவர்களுக்குத் தூரமாயின. அண்டை வீட்டாரை அறியாத நகர வாழ்வில் அவர்கள் தனித்தீவுகளாயினர்.

1986-இல் தீபகற்ப மலேசியத் திருச்சபை நடத்திய மேய்ப்புப்பணி மாநாடு, பத்தாண்டுகளுக்கு முன் விதைத்ததை வளர்க்க முற்பட்டது. அன்பியங்கள் எனப்படும் சிறு குழுக்களைக் கட்டியெழுப்புதல், இளையோரையும் குடும்பங்களையும் பேணுதல், மனிதனின் முழு வளர்ச்சிக்கு உழைத்தல், பிற சமயத்தாருடன் உரையாடுதல் ஆகியன வலியுறுத்தப்பட்டன. ஒரு தெருவில் உள்ள சில குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபித்து, வேலையிழந்தவன் யார், நோயுற்றவள் யார் என்று விசாரித்துத் துணைநிற்பதே அன்பியத்தின் உயிர். எல்லாப் பங்குகளிலும் இது ஒரே சீராக வேர்பிடித்துவிடவில்லை. வேர்பிடித்த இடங்களில், ஈகை என்பது உண்டியலில் இடும் காசு என்ற நிலை மாறி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கமாயிற்று.

கதவைத் திறந்து வைத்தல்

அவர் பேராயர் பொறுப்பேற்ற அதே 1983-இல், பௌத்த, கிறித்தவ, இந்து, சீக்கிய சமயங்களின் மலேசிய ஆலோசனை மன்றம் அமைந்தது. 1985-இல் கத்தோலிக்கரும், பிற சபைகளின் மன்றத்தாரும், நற்செய்திச் சபைகளின் ஐக்கியத்தாரும் ஒன்றிணைந்த மலேசியக் கிறித்தவர் சம்மேளனம் உருவாயிற்று. நூற்றாண்டுகளாக ஒருவர் வாசலை ஒருவர் மிதியாத சபைகள் ஒரே மேசையில் அமர்ந்தன. தன் சபையே பெரிது என்னும் செருக்கு இருக்கும்வரை இத்தகைய மேசையைச் சுற்றி அமர இயலாது.

அடுத்து வந்தது சோதனை. 1987 அக்டோபர் 27-ஆம் நாள் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில், நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டனர். அரசியல்வாதிகளோடு, திருச்சபையின் சமூகப் பணியாளர் சிலரும் அவர்களுள் இருந்தனர். நீதியும் அமைதியும் என்று எழுதிவைப்பது எளிது. அதன்பொருட்டு உழைப்போர் சிறைசெல்லும்போது அச்சொற்களைத் தாங்கி நிற்பது அரிது. அச்சட்டம் 2012-இல் நீக்கப்படும்வரை நாட்டின் பொதுவாழ்வில் அதன் நிழல் படிந்திருந்தது. பணிவு வேறு, பணிந்துபோதல் வேறு என்பதை அக்காலத் தலைமக்கள் நாள்தோறும் ஆராய்ந்து நடக்கவேண்டியிருந்தது.

அவரது காலத்திலேயே, 1994-இல், ஹெரல்டு வார இதழ் தொடங்கப்பெற்றது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் அது செய்தி தாங்கி வரலாயிற்று. தோட்டத்திலிருந்து வந்த எளியவனும் தன் மொழியில் படிக்கும் உரிமை பெற்றான்.

மகுடம் தேடி வந்தது

2003-ஆம் ஆண்டு, 71-ஆம் வயதில், பேராயர் சோட்டர் பொறுப்பினின்று விலகினார். 75 வயதுவரை ஆயர்கள் நீடிக்கத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. விலகியவர், பினாங்கின் பொதுக் குருமடத்தில் இளங்குருமாணவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாக அமர்ந்தார். 1665-இல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்குக்கு இடம்பெயர்ந்த பழம்பெருங் குருமடம் அது. இருபதாண்டுகள் தலைநகரின் பேராயராக வீற்றிருந்தவர், மாணவன் ஒருவனின் மனக்குழப்பத்தைப் பொறுமையுடன் கேட்கும் பணிக்குத் திரும்பினார்.

2016-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் 17 பேரைக் கர்தினால்களாக உயர்த்தினார். அவர்களுள் ஒருவர் சோட்டர் பெர்னாண்டஸ். மலேசிய நாட்டின் முதற் கர்தினால் அவரே. அப்போது அவருக்கு வயது 84. எண்பதைக் கடந்தவர்க்குத் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை இல்லை. ஆக, அவருக்குக் கிடைத்தது அதிகாரம் அன்று, நன்றி. அதிகாரத்தைக் கைவிட்டு 13 ஆண்டுகள் கழிந்தபின் தேடிவந்த மகுடம் அது.

இறுதிக்காலத்தில் புற்றுநோய் அவரை வாட்டியது. செராஸில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் முதியோர் இல்லத்தில் அவர் தங்கினார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் எனப்படும் துறவியர் நடத்தும் இல்லம் அது. 1839-இல் பிரான்சு நாட்டில் ழான் ழுகான் என்னும் எளிய பெண்மணி, பார்வையிழந்த முதியவள் ஒருத்திக்குத் தன் கட்டிலைக் கொடுத்ததில் தொடங்கியது அச்சபை. அன்றுமுதல் கையேந்திப் பெற்றே அவர்கள் முதியோரைக் காக்கின்றனர். ஆதரவற்ற முதியவர் வாழும் அத்தகைய கூரையின்கீழ், நாட்டின் முதற் கர்தினாலும் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில் உயிர்நீத்தார். வெண்டார்கன் 2004-இலேயே மறைந்திருந்தார்.

2023-இல் பினாங்கு ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ் நாட்டின் இரண்டாம் கர்தினாலானார். பட்டங்கள் தொடரும், பெயர்கள் பட்டியலில் ஏறும். ஆனால், தலைவர் ஒருவரை அளக்கும் கேள்வி மாறாது. அவர் விட்டுச்சென்றபின் மக்கள் நடக்கின்றனரா, விழுகின்றனரா என்பதே அது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்று ஒரு சிறு வீட்டுக்கூடத்தில் நாலைந்து குடும்பங்கள் கூடி, குரு வருவாரென்று காத்திராமல் தாமே செபம் தொடங்கி, எழும்போது நோயுற்ற அண்டைவீட்டாருக்கு ஒரு தூக்குக் கஞ்சி கொண்டுசெல்லுமாயின், அந்தக் கேள்விக்குரிய விடை அங்கே இருக்கிறது.