ஈடித் சாகத்தான் வேண்டுமா?

1967, ஏப்ரல் 6. வியாழக்கிழமை இரவு. அமெரிக்க வீடுகளில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு இளம்பெண் தெருவைக் கடக்கிறார். லாரி ஒன்று வேகமாக வருவதை அவர் கவனிக்கவில்லை. பிளாட்பாரத்தில் நின்றிருந்த ஒருவர் பதறிப்போய், காப்பாற்றப் பாய்கிறார். பக்கத்தில் இருந்தவர் அவரை இறுகக் கட்டிப்பிடித்து நிறுத்திவிடுகிறார். பிரேக் சத்தம்... ஓர் அலறல்... அவ்வளவுதான்.

தடுத்த ஆள் வில்லன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, கதாநாயகன்! செத்துப்போனது அவர் உயிருக்கு உயிராகக் காதலித்த பெண்!

தொடரின் பெயர் 'ஸ்டார் ட்ரெக்'. 1980களில் நம்ம தூர்தர்ஷனிலும் ஓடியது. கூரான காதுகளோடு, சிரிக்கவே சிரிக்காத ஸ்பாக்கை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தொடரின் ஆகச் சிறந்த எபிசோட் எது என்று ரசிகர்களைக் கேட்டால், பெரும்பாலானவர்கள் கைகாட்டுவது இதைத்தான். 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' என்று பெயர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்கலத்தின் டாக்டர் மெக்காய்க்குத் தவறுதலாக ஒரு மருந்து அளவுக்கு மீறி ஏறிவிடுகிறது. புத்தி பேதலித்துப் போய், ஒரு கிரகத்தில் இருக்கும் 'கால வாசல்' வழியாகக் கடந்தகாலத்துக்குள் குதித்துவிடுகிறார். அங்கே அவர் செய்த ஏதோ ஒன்றால் சரித்திரமே மாறி, மேலே சுற்றிக்கொண்டிருந்த விண்கலம் மாயமாகிறது! சரிசெய்ய கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் பின்னாலேயே குதிக்கிறார்கள். வந்து விழுவது, 1930 நியூயார்க். அமெரிக்கப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த வருடம். ஏழைகளுக்கு இலவசமாக சூப் ஊற்றும் ஒரு விடுதியில், மணிக்கு 15 சென்ட் கூலிக்கு இருவரும் கூட்டிப் பெருக்குகிறார்கள். விடுதியை நடத்தும் பெண்தான் ஈடித் கீலர். நடித்தவர் ஜோன் காலின்ஸ்.

(நடுவே ஒரு தமாஷ். கிர்க்கும் ஈடித்தும் நடந்து போகும் 'நியூயார்க்' தெருவில் ஒரு சலூன் போர்டு கண்ணில் படும். அது 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' என்ற வேறொரு தொடரில் வரும் கிராமத்து சலூன்! ஒரே செட்டை இரண்டு தொடர்களும் பங்கு போட்டுக்கொண்டதன் விளைவு.)

ஈடித் சாதாரணப் பெண் இல்லை. சூப் குடிக்க வந்த பஞ்சைப் பராரிகளிடம், மனிதன் ஒருநாள் அணுவின் சக்தியை வசப்படுத்துவான், நட்சத்திரங்களுக்குப் போவான், பசியை ஒழிப்பான் என்றெல்லாம் பேசுகிறார். எதிர்காலத்திலிருந்து வந்த கிர்க், இப்படிப்பட்ட பெண்ணைக் காதலிக்காமல் என்ன செய்வார்? அந்த நேரம் பார்த்து ஸ்பாக் ஒரு குண்டைப் போடுகிறார். ஈடித் இந்த வருடமே விபத்தில் இறந்தாக வேண்டும். பிழைத்தால் அவர் ஆரம்பிக்கும் அமைதி இயக்கம் பெரிதாக வளரும். அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் தாமதமாக இறங்கும். அதற்குள் ஹிட்லர் அணுகுண்டு செய்துவிடுவான்!

ஒரு பக்கம் காதலி. இன்னொரு பக்கம் இன்னும் பிறக்கவே பிறக்காத கோடிக்கணக்கான ஜனங்கள். கிர்க் யாருக்கு விசுவாசமாக இருப்பது? லாரி வருகிறது...

திரைக்குப் பின்னால் நடந்த சண்டையும் இதே கேள்வியைப் பற்றித்தான். கதையை எழுதியவர் ஹார்லன் எலிசன். அவருடைய கோபம் ஹாலிவுட் பிரசித்தம்! மூலக் கதையில், கடைசி நொடியில் கிர்க்கால் கல்மனசோடு நிற்க முடிவதில்லை. தடுக்கிற வேலையைச் செய்வது ஸ்பாக்தான். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரி இதை ஏற்கவில்லை. தன் கேப்டன் கடமை தவறக்கூடாது! ராடன்பெர்ரி, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் பல கை மாறித் திருத்தப்பட்டது. 'என் பெயரை எடுத்துவிட்டு ஒரு புனைபெயரைப் போடுங்கள்' என்று எலிசன் மல்லுக்கட்டினார். நடக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், எலிசனின் மூல ஸ்கிரிப்ட்டுக்கு எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது; திருத்தி ஒளிபரப்பான எபிசோடுக்கு ஹ்யூகோ விருது. இரண்டு தரப்பும் ஜெயித்தாச்சு. எலிசனின் கோபம் மட்டும் தணியவே இல்லை. 1990களில் மூல ஸ்கிரிப்ட்டைப் புத்தகமாகவே போட்டு, முன்னுரையில் ராடன்பெர்ரியைக் கிழி கிழி என்று கிழித்தார்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. 1930-ல் நியூயார்க்கில் நிஜமாகவே ஒருவர் ஈடித் மாதிரி பேசினார். வருடத்தின் கடைசி மாதம், டிசம்பர் 14. ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம். போர்க்காலச் சேவைக்கு அழைக்கப்படுகிறவர்களில் வெறும் 2 சதவிகிதம் பேர் 'முடியாது' என்று சொன்னால் போதும், அரசாங்கங்கள் செயலற்றுப் போகும், அத்தனை பேரை அடைக்க ஜெயில் கிடையாது என்றார் அவர். கேட்ட இளைஞர்கள் '2%' என்று பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தார்கள். பேச்சாளர் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்!

அந்தத் தெருவில் எந்த லாரியும் வரவில்லை. ஐன்ஸ்டீன் உயிரோடு இருந்தார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அந்த வருடம் பெல்ஜியத்தில் தங்கியிருந்தபோது ஐன்ஸ்டீனிடம் ராணுவச் சேவையைப் பற்றிக் கேட்டார்கள். 'இன்றைய நிலைமையில் நான் பெல்ஜியனாக இருந்தால் ராணுவத்தில் சேருவேன்' என்ற பொருளில் பதில் சொன்னார்! அமைதி இயக்க நண்பர்கள் அதிர்ந்து போனார்கள். துரோகி என்றுகூடத் திட்டினார்கள். 1939 ஆகஸ்டில், அணுகுண்டு சாத்தியம் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எச்சரிக்கும் புகழ்பெற்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் இதே ஐன்ஸ்டீன்தான். அந்தக் கையெழுத்து தவறு என்று கடைசிக் காலத்தில் விஞ்ஞானி லைனஸ் பாலிங்கிடம் வருந்தினார். ஆனாலும், ஜெர்மனி முந்திக்கொள்ளுமோ என்ற பயம் இருந்ததே என்று ஒரு சமாதானமும் சொன்னார். ஸ்பாக் சொன்ன அதே பயம்! (நிஜத்தில் ஜெர்மனியால் ஒரு அணு உலையைக்கூட ஒழுங்காக இயக்கிக் காட்ட முடியவில்லை என்பது போருக்குப் பிறகுதான் தெரிந்தது.)

எபிசோடின் மீது எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். அவ்வளவு புத்திசாலியான ஈடித், ஹிட்லரைப் பார்த்த பிறகும் 1930-ல் பேசியதையே பேசிக்கொண்டிருந்திருப்பாரா? மனசு மாற அவருக்கு மூன்று வருஷம்கூடக் கொடுக்காமல் லாரியை அனுப்பிவிட்டார்களே!

எபிசோட் ஒளிபரப்பான வாரத்தையும் கவனியுங்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. இரண்டே நாள் முன்பு, ஏப்ரல் 4-ம் தேதி, அதே நியூயார்க்கில், ரிவர்சைடு சர்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் அந்தப் போரைக் கண்டித்து வெளிப்படையாக முழங்கினார். ஜனாதிபதி ஜான்சனுக்குக் கடும் கோபம். 'நியூயார்க் டைம்ஸ்', 'வாஷிங்டன் போஸ்ட்' இரண்டும் தலையங்கத்தில் சாடின. கறுப்பின உரிமைப் போராட்டத்தில் கூட நின்றவர்களிலேயே சிலர், 'இவருக்கு எதற்கு இந்த வேலை? நேரம் சரியில்லையே' என்று முணுமுணுத்தார்கள். ஈடித் சொன்னது சரி, காலம்தான் சரியில்லை என்று டி.வி.யில் ஸ்பாக் சொன்ன அதே வாரத்தில்!

இந்த கிங், 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர் என்பது இன்னொரு ஆச்சரியம். தொடரில் உஹுராவாக நடித்த நிஷெல் நிகோல்ஸ், நடிப்பை விட்டுப் போக நினைத்தபோது, 'போகாதே' என்று தன்னைத் தடுத்தவர் கிங்தான் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ரிவர்சைடு பேச்சுக்குச் சரியாக ஒரு வருடம் கழித்து, 1968 ஏப்ரல் 4-ல் மெம்ஃபிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே 1968-ல், அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகைகளில் இரண்டு விளம்பரங்கள் வந்தன. ஒன்று, வியட்நாம் போர் தொடரவேண்டும் என்கிற எழுத்தாளர்களின் பட்டியல். ராபர்ட் ஹெய்ன்லைன் அதில் இருந்தார். இன்னொன்று, அமெரிக்கா வியட்நாமை விட்டு வெளியேற வேண்டும் என்பவர்களின் பட்டியல். ஈடித்தைக் கொல்வது யார் என்று அடித்துக்கொண்ட இரண்டு பேருடைய பெயர்களும், ஹார்லன் எலிசன், ஜீன் ராடன்பெர்ரி, இந்த இரண்டாவது பட்டியலில் சேர்ந்தே இருந்தன.