உயிர்மீட்பும் அதன் எல்லையும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், 1767 ஆம் ஆண்டிலே, அவர்தம் தாயகத்து அம்ஸ்ரர்டாம் நகரில் நீரில் மூழ்கினோரை மீட்பதற்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. மூச்சடங்கியவரின் உடலைச் சூடாக்குதல், வாயோடு வாய் வைத்து ஊதுதல் முதலிய முறைகளை அச்சங்கம் பரப்பிற்று. 1774 இல் இலண்டனிலும் அத்தகைய சங்கம் ஒன்று தோன்றிற்று. வாழவேண்டிய வயதில் எதிர்பாராது வீழ்ந்தோரை மீட்டற்பொருட்டே இக்கலை வளர்ந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

நெஞ்சைப் பிளவாமலே, மார்பின்மேற் கைகளால் அழுத்தி, நின்ற இதயத்தின் தொழிலை நடத்தலாம் என்பதை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிலையத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் என்னும் மூவர் 1960 இல் வெளியிட்டனர். அவர்கள் குறித்த 20 நோயாளருள் 14 பேர் பிழைத்தனர். இரு கைகளே போதுமாயிருந்தமையின் அம்முறை வைத்தியசாலை மதிலைக் கடந்து தெருவுக்கும் வீட்டுக்கும் வந்தது. உடன் ஒரு சிக்கலும் வந்தது. தீராநோயால் மெலிந்து இறுதி மூச்சு விடும் முதியவருக்கும் அதே அழுத்தம் நிகழ்ந்தது. அவருக்கு விலா எலும்பு முறிதல் எளிது. மீள்தல் மிக அரிது. எனவே, எதிர்பார்த்த மரணத்தில் இம்முயற்சி வேண்டா என்றும், அம்முடிவை நோயாளியின் ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும் என்றும் 1974 இல் அமெரிக்க வைத்திய நெறிகள் கூறின.

ஆயின் வைத்தியசாலை ஏட்டில் எழுதிய ஆணையை, வீட்டு வாயிலில் வந்திறங்கும் அம்புலன்ஸ் ஊழியர் எவ்வாறு அறிவார்? நோயின் வரலாற்றைக் கேட்டறிய அவருக்கு நேரமில்லை. சில நிமிடத் தாமதமும் மூளையைக் கெடுக்கும். ஐயமுள்ளவிடத்து மீட்க முயல்வதே அவர் கடன். இவ்விடரை நீக்கும்பொருட்டு 1991 இல் ஒறிகன் மாநிலத்தில் ஒரு முயற்சி தொடங்கிற்று. நோயாளியோடு கலந்து பேசியபின் வைத்தியர் ஒப்பமிடும் இளஞ்சிவப்புத் தாள் அதன் பயனாய் எழுந்தது. கண்டவுடன் தெரியும் நிறமே அதன் சிறப்பு.

நம் நாட்டில் 1990 என்னும் இலக்கத்தையுடைய சுவசெரிய சேவை, இந்திய உதவியுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. இந்தியாவிலோ உயர் நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் இறுதிக்காலச் சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 இல் ஏற்று, அதன் நடைமுறையை 2023 இல் எளிதாக்கியது.

சிவபுராணம் ஓதி, வாயிற் பால்விட்டு, சுற்றம் சூழ வழியனுப்புதல் நம் முன்னோர் மரபு. இன்றோ கடைசி மூச்சைக் கண்டு கலங்கும் மகன் தொலைபேசியை எடுக்கிறான். அழைத்தபின் வந்தவரை நோதல் அறமன்று. அவர் தம் கடனையே செய்கிறார். ஆதலின் தீராநோயுற்ற பெரியோரின் விருப்பத்தை, அவர் பேசவல்ல காலத்திலேயே, வைத்தியர் முன்னிலையிற் கேட்டு எழுதிவைத்தலும் வீட்டார் அனைவரும் அறியச் செய்தலும் வேண்டும். அதனால் நோவு தணிக்கும் மருந்தும் பணிவிடையும் குறைதல் கூடாது. முதுமை ஒன்றையே காரணமாக்கி எவரையும் கைவிடுதலும் கூடாது. முடிவு நோயாளிக்கு உரியது. அதை உரிய வேளையிற் கேட்டறிதல் நமக்குரிய கடமை.