வேகம் தணிக்கும் வித்தை

விமானத்தை ஆகாயத்தில் கிளப்புவதே பெரிய சாமர்த்தியம் என்று தரையில் நின்று பார்ப்பவர்கள் எண்ணினாலும், ஜெட் யுகம் பிறந்த நாள் முதல் விமானிகளை அதிகம் சோதித்தது, அந்தப் பிரம்மாண்டமான யந்திரத்தின் வேகத்தைத் தணித்துத் தரைக்குக் கொண்டுவரும் காரியமேயாகும். மண்ணை விட்டு எழும்பாமலே அதைக் கற்பிக்கும் சிமுலேட்டரின் பூர்வ சரித்திரம் ஒரு வாத்தியத் தொழிற்சாலையில் தொடங்குகிறது.

நியூயார்க் மாகாணத்துப் பிங்ஹாம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்துவந்த குடும்பத்துப் பிள்ளையான எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே கொண்டு 1929-ல் ஒரு சிறு மரக்கூண்டைச் சமைத்தார். உள்ளே அமர்ந்தவன் பிடியை அசைத்தால் ஒரு துருத்தி விரியும், எதிர்த்துருத்தி சுருங்கும், கூண்டு நிஜ விமானம் போலவே சாயும். கேளிக்கைப் பூங்காக்காரர்கள் அதை விளையாட்டுச் சாமானாக வாங்கினார்களேயன்றி, பறக்கக் கற்பித்தவர்கள் லக்ஷியம் செய்யவில்லை. 1934-ல் விமானத் தபாலைச் சுமக்கும் பொறுப்பை ஏற்ற அமெரிக்க ராணுவம், பனியிலும் மேகத்திலும் விமானிகளை ஒருவர்பின் ஒருவராகப் பறிகொடுத்த பிறகே ஆறு கூண்டுகள் வாங்கியது. உயிர்ச்சேதம் நேர்ந்தால்தான் உத்தியோகஸ்தர்களுக்குக் கண் திறக்கும் என்பது எத்தேசத்துக்கும் பொதுவான சங்கதி போலும்.

1958-ல் போயிங் 707 பிரயாணிகளுடன் அட்லாண்டிக்கைக் கடந்தபோது புதிய சங்கடம் முளைத்தது. பழைய விமானத்தில் விசையைக் குறைத்தால் காற்றாடியே தடையாக நின்று வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்புறம் சாய்ந்த சிறகும் வழுவழுப்பான உடலும் கொண்ட ஜெட்டோ, விசையைக் குறைத்த பின்னும் காதக்கணக்கில் வழுக்கிக்கொண்டே போகும். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 30,000 அடியிலிருந்து இறங்க வேண்டியவன் 90 கடல்மைலுக்கு முன்பே ஆரம்பித்தாக வேண்டும், வேகம் தணிக்க அதற்கு மேலும் சில மைல்களை ஒதுக்கவேண்டும். அவசரப்பட்டுச் சிறகின் தடை மடல்களை நீட்டவும் முடியாது. மடல் நீளும் ஒவ்வொரு படிக்கும் ஓர் உச்ச வேகம் உண்டு. அளவுக்கு மீறித் தணித்துவிட்டாலோ அந்நாளைய ஜெட் எஞ்சின் மறுபடி முழு பலம் பெறச் சில வினாடிகள் பிடிக்கும். 1965 நவம்பரில் சால்ட் லேக் சிட்டியில், மட்டுமீறிய வேகத்தில் கீழிறங்கிய போயிங் 727, ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோத, 91 பேரில் 43 பேர் மாண்டனர்.

இந்தப் பாடத்தை நிஜ விமானத்தில் தவறாகச் செய்து கற்க இயலுமா? அக்காலத்துச் சிமுலேட்டர்களில், வயலும் வீடும் ஓடுபாதையும் நுணுக்கமாக அமைந்த பொம்மை நிலப்பரப்பின்மீது ஒரு தொலைக்காட்சிக் காமிரா ஊர்ந்து செல்ல, அது காணும் காட்சியே விமானியின் ஜன்னலில் விரியும். அவன் மூக்கைத் தாழ்த்தினால் காமிராவும் தாழும். மோதினால் சேதம் பொம்மை வயலுக்கே.

பிறகு கணிப்பொறி வந்து அந்த வயல்களை அகற்றியது. இன்று, அனுபவமுள்ள விமானி புதுரக ஜெட்டுக்கு மாறும்போது, அப்பியாசம் முழுவதையும் சிமுலேட்டரிலேயே முடித்துவிட்டு, நிஜ விமானத்தை முதன்முதலாகத் தரையிறக்கும் நாளிலேயே பின்னால் பிரயாணிகளுடன், பக்கத்தில் ஒரு பயிற்றுநர் அமர்ந்திருக்க, இறக்குவதுண்டு.